கழுத்து ஆபரேஷனுக்கு எந்த எலும்பு வெப்பீங்க டாக்டர்?

போன வருசம் ஆடி முடிஞ்சு ஒரு அக்கா ஓபிக்கு வந்தாங்க, 46 வயசு, திருப்பூர்ல பவர்டேபிள் டெய்லர். இருபது வருசமா குனிஞ்சே தெச்சுத் தெச்சு கழுத்துல சி5-சி6ங்கற அஞ்சாவது ஆறாவது எலும்புக்கு நடுவுல ஜவ்வு பிதுங்கி நரம்ப அழுத்தி, வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயி கத்திரி நழுவி விழுகுது. கூட வந்த பையன் கைல வேற எடத்துல போட்டுக் குடுத்த எஸ்டிமேட் இருந்துச்சு, அதுல போன் கிராஃப்ட்னு, அதாவது எலும்பு ஒட்டறதுக்கு நடுவுல வெக்கற பொருளுக்குப் போட்ட தொகை மட்டும் தனியா ஒரு ஸ்கூட்டர் வாங்கற அளவுக்கு. "ஏனுங் சார், இதுலயே பெஸ்ட் எதுங்? காசு பாக்க வேண்டாமுங்"ன்னான். காசு பாக்காம கேக்கறப்பதான் நாங்க ரொம்ப ஜாக்கிரதையா பதில் சொல்லோணும்.

கழுத்துக்கு முன்பக்கமா போயி கெட்டுப்போன ஜவ்வ எடுத்துட்டா அங்க ஒரு சந்து விழுகும், அதுல எதையாச்சும் வெச்சு மேல கீழ இருக்கற ரெண்டு எலும்பையும் ஒண்ணா ஒட்ட வெக்கறோம். ஒட்டறது நாங்க இல்லீங்க, உங்க ஒடம்பு. நாங்க வெக்கறது பந்தல், எரு, நாத்து, இவ்வளவுதான். புது எலும்பு படர்ந்து ஏற ஒரு பந்தல், எலும்பு செல்ல "வா வா"ன்னு கூப்புட்டு வளர்க்கற எரு, அப்பறம் உசிரோட இருக்கற செல்லுங்கற நாத்து.

இந்த மூணும் சேந்தாப்புல இருக்கறது நம்ம இடுப்பு எலும்புலதான். 1958ல அமெரிக்காவுல ஸ்மித்தும் ராபின்சனும் இந்த ஆபரேஷன எழுதினப்பவே இடுப்புலருந்துதான் எடுத்து வெச்சாங்க, இன்னைக்கும் மத்ததெல்லாம் அதோடதான் ஒப்பிட்டுப் பாக்கறாங்க. ஆனா எடுத்த எடத்துல வலிக்கும். நான் தொழிலுக்கு வந்த புதுசுல தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருத்தருக்கு அப்படித்தான் எடுத்தேன், எட்டு மாசங்கழிச்சு வந்து "கழுத்து தங்கமாட்ட இருக்குதுங், இடுப்புதான் பெல்ட்டு கட்ட உட மாட்டீங்குது"ன்னாரு. பாத்தா அந்தப் பச்சை பெல்ட்டு நிக்கற அதே எடத்துல என் தையல் தழும்பு. எலும்பு நல்லா ஒட்டிருச்சு, ஆனா மனுசன் தெனமும் வேட்டி கட்டறப்ப என்னைய நெனைக்கறாரு. அன்னைலருந்து ஒரே ஒரு ஜவ்வுக்கு இடுப்புல கைவெக்கறத கிட்டத்தட்ட உட்டுட்டேன்.

அதுக்குப் பதிலா இப்ப கேஜ். கேஜும் கிராஃப்ட்டும் ஒண்ணுன்னு நெறய பேர் நெனைக்கறாங்க, அது வேற இது வேற. கேஜ்ங்கறது பீக் பிளாஸ்டிக்லயோ டைட்டானியத்துலயோ செஞ்ச சின்னக் கூண்டு, சந்து இறங்காம தாங்கும். உள்ள ஓட்டை இருக்கும், அதுல போடறதுதான் கிராஃப்ட். நரம்ப அழுத்தற எலும்பு முள்ள செதுக்கி எடுப்போமுங்க, அந்தத் தூளையும் துணுக்கையும் சிஸ்டர் ஒரு கிண்ணத்துல சலைன் ஊத்தி வெச்சுக்குவாங்க, அதையே கூண்டுக்குள்ள அடைச்சர்றோம். உங்க எலும்பு, பில் இல்ல.

அது பத்தலீன்னாதான் மத்தது. தானமா வந்த எலும்பு இருக்கு, மும்பை டாடா மெமோரியல்ல 1988லருந்தே திசு வங்கி இருக்கு, காமா கதிர்ல சுத்தம் பண்ணித் தர்றாங்க. செத்தவங்க எலும்பான்னு மொகஞ்சுளிக்கறாங்க, அதுல உசிருள்ள செல் இருக்காது, நாத்து இல்லாத பந்தல், ஒட்டக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். ஹைட்ராக்ஸிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட்டுன்னு வர்ற செயற்கைத் தூளும் பந்தல்தான், தனியா போட்டா எனக்கு நம்பிக்கை கம்மி, சொந்த எலும்போட கலந்தா சரி.

அந்தப் பையன் கொண்டுவந்த எஸ்டிமேட்ல இருந்தது பிஎம்பி, எலும்ப வளர்க்கற புரோட்டீன், எரு வகை. 1965ல யூரிஸ்ட்டுங்கற டாக்டர் கண்டுபுடிச்சது, அமெரிக்காவுல 2002ல முதுகெலும்புக்கு அனுமதி குடுத்ததே கீழ்முதுகுக்குத்தான். கழுத்துக்கு முன்னாடி வெச்சா தொண்டை வீங்கி முழுங்க முடியாம, மூச்சே அடைக்கலாம், அதுவும் பல பேருக்கு ரெண்டு நாளுலருந்து ரெண்டு வாரத்துக்குள்ள, அதாவது டிஸ்சார்ஜ் ஆகி ஊடு போன பெறகு. 2008ல எஃப்டிஏங்கற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுக்குன்னே எச்சரிக்கை உட்டுச்சு. இந்த பிஎம்பிய ஊற வெச்சுத் தர்ற பஞ்சு மாட்டுக் கொலாஜன், சில ஊட்டுல இதக் கேட்டாலே வேண்டாம்பாங்க, கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. வெல ஒசந்தது எல்லாம் ஒசத்தி இல்லீங்க.

சங்ககிரி லாரிக்காரர் ஒருத்தருக்கு மூணு ஜவ்வு, ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. இந்த மாதிரி ஆளுக்குத்தான் இடுப்பெலும்பு எடுக்க நானே சொல்லுவேன், ஜவ்வு எண்ணிக்கை கூடக்கூட ஒட்டாம போற வாய்ப்பும் கூடும், பீடில இருக்கற நிக்கோட்டின் சின்னச் சின்ன ரத்தக்குழாய சுருக்கி எலும்புக்குப் போற ரத்தத்தையே கொறைச்சுரும். பீடிய உட்டுட்டு வாங்கன்னு தேதியத் தள்ளி வெச்சேன், கோவிச்சுட்டுத்தான் போனாரு. சக்கரையும் கட்டுக்குள்ள இருக்கோணும்.

எது வெச்சாலும் அந்தப் பாக்கெட்ல ஸ்டிக்கர் இருக்கும், பேரும் லாட் நம்பரும் போட்டு. கேஸ் ஷீட்ல ஒட்டியிருப்பாங்க, அதுல ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி வெச்சுக்கங்க.

அக்காவுக்கு கேஜும் அவங்க எலும்பும்தான். ஆறாம் மாசம் எக்ஸ்ரேல நல்லா பாலம் கட்டிருந்துச்சு, கத்திரி இப்ப நழுவறதில்ல. கட்டைவிரல் நுனில மட்டும் கொஞ்சம் மரப்பு இருக்குதுங்கறாங்க, மிசின் ஊசில நூல் கோக்கறப்பதான் தெரியுதாம்.