கரும்பொருள் சிக்கியதா? கொஞ்சம் பொறுங்கள்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் கேரட் தோட்டங்களைத் தாண்டி வந்தால் எங்கள் அண்டக்கதிர் ஆய்வுக்கூடம். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள்தான் அண்டக்கதிர். இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு அடியில் 3712 இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம். அண்டக்கதிர் காற்றில் மோதும்போது பிறந்து, கான்கிரீட்டையும் துளைத்து வரும் மியூவான் என்ற துகள்களை இரவும் பகலும் எண்ணுகின்றன.

"கரும்பொருளப் பிடிச்சிட்டாங்களாமே சார்?" பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டினார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் சுமார் 85 சதவீதம் கரும்பொருள். ஒளி விடாது; ஈர்ப்பால்தான் தெரியவரும். அதன் துகள்கள் இரண்டு மோதி அழிந்தால் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) காமா கதிரும் (ஆற்றல் மிகுந்த ஒளி) பிறக்கலாம். அதனால்தான் அண்டக்கதிரில் தேடுகிறார்கள். 2008இல் செயற்கைக்கோளில் இருந்த பமேலா கருவியும் 2013இல் விண்வெளி நிலையத்தில் உள்ள ஏஎம்எஸ் கருவியும் ஒன்றைக் காட்டின: 1000 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு மேலே குறைய வேண்டிய பாசிட்ரான் விகிதம் ஏறுகிறது.

ஏறுவது உண்மை. அது கரும்பொருளின் வேலையாக இருக்கலாம். ஆனால் வேகமாகச் சுழலும் பல்சார் நட்சத்திரங்களும் பாசிட்ரானை உமிழும். வந்த துகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதியிருக்காது.

இது எங்களுக்குத் தினமும் உள்ள பாடு. காற்றழுத்தம் கூடினால் மியூவான் எண்ணிக்கை குறையும். சூரியன் பொங்கினாலும் குறையும். இவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் எங்கள் எண்ணிக்கையை நம்பவே தொடங்குவோம். 2014 டிசம்பர் 1 அன்று இடிமழையில் அந்த எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் சரிந்தது. 18 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம்தான் காரணம், 130 கோடி வோல்ட் என்று கணக்குப் போட்டு ஆய்வுக்கட்டுரையாக வெளியானது 2019இல். தலைக்கு மேலே நின்ற மேகத்துக்கே அவ்வளவு நாள் ஆகும்போது, பல நூறு ஒளியாண்டு தாண்டி வரும் பாசிட்ரானுக்கு ஒரே நாளில் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

சரி, அப்புறம் எங்கேதான் தேடுவது? நம் பால்வெளியைச் சுற்றிவரும் குறுவிண்மீன் மண்டலங்களில். கரும்பொருள் நிறைய, வாயுவும் பல்சாரும் மிகக் குறைவு, குழப்பம் கம்மி. 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கி அங்கே வருடக்கணக்காகக் காமா கதிரைத் தேடியது. இதுவரை உறுதியான அடையாளம் இல்லை.

"அப்ப இன்னும் கிடைக்கல," என்றார் அண்ணன். கிடைத்தால் தோட்டத்துக்கே வந்து சொல்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.