மையவிலக்குச் சொடுக்கி: சொல் விளக்கம்

மோட்டார் வைண்டிங் கடைகளில் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல் ‘சிஎஃப் சுவிட்ச்’. ‘சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச்’ என்பதன் சுருக்கம் அது. பழைய மாவு கிரைண்டர், ஏர் கம்ப்ரஸர், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எனப் பல ஒற்றை முனை (சிங்கிள் பேஸ்) மோட்டார்களுக்குள் இது இருக்கிறது. ‘ஸ்டார்ட்டிங் சுவிட்ச்’ என்பதும் இதன் பெயரே. இந்த இரண்டாம் பெயரைக் கேட்பவர்கள், மோட்டாரை ஓட விடும் பொத்தானே அது என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இதன் தலையாய வேலை, மோட்டார் வேகமெடுத்த பிறகு தொடக்கச் சுருளை மின்சுற்றிலிருந்து துண்டித்து விடுவதுதான்.

ஒற்றை முனை மின்சாரம் ஒரு சுருளில் மட்டும் பாய்ந்தால் அங்கே உண்டாகும் காந்தப்புலம் ஏறி இறங்குமே தவிரச் சுழலாது. ஆகவே நின்றுகொண்டிருக்கும் சுழலி, அதாவது மோட்டாருக்குள் சுழல வேண்டிய பகுதி, எந்தப் பக்கமும் திரும்பாமல் உறுமிக்கொண்டே இருக்கும். இதற்காகவே ‘ஸ்டார்ட்டிங் காயில்’ எனப்படும் தொடக்கச் சுருளை இரண்டாவதாகச் சுற்றி, அதனோடு ஒரு மின்தேக்கியையும் தொடராக இணைத்து, இரு சுருள்களின் மின்னோட்டங்களும் ஒரே கணத்தில் உச்சமடையாதபடி செய்கிறார்கள். அந்த நேர வேறுபாடுதான் புலத்தைச் சுழல வைக்கிறது. இச்சுருளும் மின்தேக்கியும் சில நொடி வேலைக்கென்றே அமைந்தவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் ஒத்தியங்கு வேகம், அதாவது காந்தப்புலம் சுழலும் வேகம், நிமிடத்துக்கு 1,500 சுற்று; அதில் ஏறத்தாழ முக்கால் பங்கை, அதாவது சுமார் 1,100 சுற்றை எட்டும்போது இவற்றை விலக்கிவிட வேண்டும். அந்த வேகத்தைத் தானே அறிந்து விலக்கும் உறுப்புக்கு வைத்த பெயரைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

‘சென்ட்ரிஃபியூகல்’ என்பது இரண்டு லத்தீன் சொற்களின் கூட்டு. ‘சென்ட்ரும்’ என்றால் மையம். கூர்முனையையும் தார்க்குச்சியையும் குறித்த ‘கென்ட்ரோன்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, கவராயத்தை ஊன்றும் புள்ளி என்ற வழியாக வந்தது. ‘ஃபுகெரே’ என்றால் ஓடிப்போதல். மையத்தை விட்டு ஓடும் விசை என்ற பொருளில் இத்தொடரை டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1659இல் எழுதிய ஆய்வில் ஆண்டார். அவர் மறைந்த பின் 1703இல்தான் அது அச்சேறியது. அதற்கு இணையாக, மையத்தை நாடும் விசைக்கு நியூட்டன் பெயரிட்டார்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை ‘மையவிலக்கு விசை’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘மையநீக்க விசை’ என்கின்றன. மூலச்சொல்லில் இருப்பது தன்வினை: ஓடுகிறது, விலகுகிறது. ‘விலக்கு’, ‘நீக்கு’ இரண்டும் பிறவினை. இலக்கணம் பார்த்தால் ‘மையவிலகு விசை’ இன்னும் நெருங்கி வரும். ஆனாலும் இந்த உறுப்பைப் பொறுத்தவரை பிறவினையே பொருந்துகிறது என்பது என் கருத்து. சுழலியின் தண்டில் சுருள்வில்லால் கட்டுண்டிருக்கும் இரண்டு எடைத்துண்டுகள் வேகம் கூடும்போது மையத்தை விட்டு விலகுகின்றன. அப்படி விலகும்போது தண்டின் மீதுள்ள வளையத்தைப் பின்னுக்கு இழுத்து, தொடக்கச் சுருளை மின்சுற்றிலிருந்து விலக்குகின்றன. விலகுதலும் விலக்குதலும் ஒரே அசைவில் நடக்கின்றன.

‘சுவிட்ச்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் அது முதலில் குதிரையை ஓட்டும் மெல்லிய வளாரைக் குறித்தது. டச்சு மொழிப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. பின்னர் இருப்புப்பாதையில் தடம் மாற்றும் நகர்தண்டவாளத்துக்கும், அதன் பின் மின்சுற்றுக்கும் அது பெயரானது. தமிழில் இதற்கு ‘நிலைமாற்றி’, ‘சாவி’, ‘சொடுக்கி’ எனப் பல சொற்கள் உண்டு. இலங்கையில் வழங்கும் ‘ஆளி’ மின்சாரத்தை ஆள்வது என்ற பொருளில் அழகாக அமைந்தது; சிங்கத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லும் அதே வடிவில் இருப்பது ஒன்றே அதிலுள்ள இடர். நான் ‘சொடுக்கி’யையே தேர்வேன். சாட்டையைச் சொடுக்குகிறோம், விரலைச் சொடுக்குகிறோம். வளாரில் தொடங்கிய ஆங்கிலச் சொல்லுக்கு, யாரும் திட்டமிடாமலே, சாட்டையை நினைவூட்டும் தமிழ்ச்சொல் இணையாக வாய்த்திருக்கிறது. வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகுமாதலால் ‘மையவிலக்குச் சொடுக்கி’ என்று ஒற்றிட்டு எழுத வேண்டும்.

அடுத்தது, அந்த வளையம் அழுத்திச் சேர்த்துவைக்கும், கடைக்காரர் ‘பாயிண்ட்’ என்று சொல்லும் பகுதி. ஆங்கிலத்தில் இதை ‘கான்டாக்ட்’ என்பார்கள். ‘சேர்ந்து தொடுதல்’ என்ற லத்தீன் பொருளுடையது. ‘தொடுமுனை’ என்ற தமிழ்ச்சொல்லில் பாயிண்டின் முனையும் கான்டாக்டின் தொடுதலும் ஒன்றாகிவிடுவதால் இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டியதில்லை. ‘பாயிண்ட் பிடிக்கவில்லை’, ‘பாயிண்ட் ஒட்டிக்கொண்டது’ என்ற இரண்டு வாக்கியங்களில் பழுதின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிடும். தொடுமுனை கருகித் தொடாமல் போனால் மோட்டார் உறுமும், கிளம்பாது. ஆனால் தண்டைக் கையால் எந்தப் பக்கம் சுழற்றி விட்டாலும் அந்தப் பக்கமே ஓடத் தொடங்கும். தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் மோட்டார் கிளம்பும். ஆனால் தொடக்கச் சுருள் விலகாமல் சூடேறி, மின்தேக்கி வெடிக்கும் அல்லது சுருள் எரியும். இரண்டாவதே கூடுதல் செலவு வைப்பது.

ஒரு பட்டறையில் மெக்கானிக் ஒருவர் முதல் வகைப் பழுதைச் சரிசெய்வதை அருகிலிருந்து பார்த்தேன். மின்சாரத்தை நீக்கியதும், மின்தேக்கியின் இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் வழியாக இணைத்து அதில் தேங்கியிருந்ததை வடித்தார். பக்க மூடியிலும் உடலிலும் ஒரே கோட்டில் அடையாளம் அடித்த பிறகே மூடியைக் கழற்றினார். உள்ளே தொடுமுனை இரண்டும் கரிப்பொட்டுகளாக இருந்தன. முரட்டு உப்புத்தாளை அவர் தொடவில்லை. அதன் துகள்கள் வெள்ளிக் கலவையில் பதிந்துவிடும் என்றார். மெல்லிய தட்டை அரத்தால் மூன்று நான்கு இழுப்பு, பிறகு இரு முனைகளுக்கும் நடுவே ஒரு வெள்ளைத்தாளைச் செருகி இழுத்தார். முதல் இழுப்பில் தாளில் கறுப்புக் கோடு விழுந்தது. ஐந்தாவது இழுப்பில் தாள் வெள்ளையாகவே வந்தது. ஆழக் குழி விழுந்த தொடுமுனையை இப்படித் தேய்க்காமல் மாற்றிவிட வேண்டும். தண்டில் இருந்த ஃபைபர் வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே அவர் திரும்பக் கோத்தார். ஒரு வாஷர் பக்கம் மாறினாலும் தண்டு நகர்ந்து, நல்ல தொடுமுனையைக்கூட வளையம் எட்டாமல் போய்விடும்.

எல்லாவற்றையும் பூட்டியபின் மோட்டாரை ஓட்டி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். வேகம் தணியத் தணிய, நிற்பதற்குச் சற்று முன், உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். சுருள்வில் எடைத்துண்டுகளை மையத்துக்கு இழுத்துக்கொள்ள, தொடுமுனைகள் மீண்டும் தொட்டுக்கொள்ளும் சொடுக்கு அது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.