சீரழிவு தயாரிப்பா, திரிபொருளா?

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வரி: "நதிகளில் பூச்சிக்கொல்லிகளின் சீரழிவு தயாரிப்புகள் கண்டறியப்பட்டுள்ளன." இந்தச் சீரழிவு தயாரிப்பு என் கண்ணில் படுவது இது முதல் தடவை இல்லை. தயாரிப்பு என்றால் தயாரிக்க ஓர் ஆள் வேண்டும். ஆற்றுக்குள் உட்கார்ந்து யார் தயாரிக்கிறார்கள்? குடும்பம் சீரழியும், ஊர் சீரழியும், மூலக்கூறு எப்படிச் சீரழியும்? அகராதியில் முதலில் கிடைத்த சொல்லைப் பிடுங்கி ஒட்டினால் இப்படித்தான் வரும்.

விஷயம் இதுதான். வயலுக்கு அடித்த மருந்தோ சாலையில் தேய்ந்த டயர்த் தூளோ தண்ணீரில் சேர்ந்தபின் அப்படியே இருப்பதில்லை. வெயில், நுண்ணுயிர், ஓசோன், ஏன், வெறும் தண்ணீரே கூட அதை வேறொன்றாக மாற்றிவிடும். அந்த வேறொன்றுக்கு ஆங்கிலத்தில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன. டிகிரடேஷன் புராடக்ட்: லத்தீனில் படியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, படியிறங்கியது என்று பொருள். மெட்டபொலைட்: கிரேக்கத்தில் மாற்றம். டிரான்ஸ்ஃபர்மேஷன் புராடக்ட்: உருமாறி வந்தது. துறைக்காரர்கள் இப்போது அதிகம் சொல்வது மூன்றாவதைத்தான், அதற்குக் காரணம் உண்டு.

தமிழில் கொஞ்சம் கவனமாக எழுதுபவர்கள் 'சிதைவுப்பொருள்' என்கிறார்கள். தயாரிப்புக்கு இது எவ்வளவோ மேல், நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். விட்டதற்குக் காரணம் ஒரு மீன். அமெரிக்காவில் சியாட்டல் பக்கத்து ஓடைகளில் முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்து சாலைத் தண்ணீர் இறங்கியதும் சில மணி நேரத்தில் செத்து மிதக்கும். காரணம் புரியாமல் வருடக்கணக்கில் தேடி, டயர் ஊறிய தண்ணீரில் இருந்த 2,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைப் பிரித்துப் பிரித்து, கடைசியில் 2020இல் ஒன்றைப் பிடித்தார்கள். அதில் 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். அப்படி ஒரு பொருள் டயரில் சேர்க்கப்படுவதாக எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் டயர் வெடிப்பு விடாமல் இருக்க 6பிபிடி என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். அதாவது காற்றிலுள்ள ஓசோன் இரண்டு ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு இரண்டு ஆக்சிஜனை ஏற்றிவிட்டது. பெயர் 6பிபிடி குயினோன். 268 ஆக இருந்த மூலக்கூறு எடை 298 ஆகிவிட்டது. இதில் எது சிதைந்தது? எடை கூடியிருக்கிறது! காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களால் நமக்குத் தெரிந்த எண்டோசல்பானும் இப்படித்தான், ஓர் ஆக்சிஜன் ஏறி எண்டோசல்பான் சல்பேட் ஆகிறது, அது மூல எண்டோசல்பானைவிட அதிக நாள் தங்கும்.

இன்னும் வேடிக்கை டிரென்போலோன். அமெரிக்காவில் மாடு கொழுக்கக் கொடுக்கும் ஹார்மோன் மருந்து. மாட்டின் உடம்பிலிருந்து வெளியேறித் தண்ணீரில் சேர்ந்தது பகல் வெயிலில் மாறிவிடுகிறது, சரி, போய்த் தொலைந்தது என்று நினைத்தால் இருட்டில் ஒரு பகுதி பழையபடி திரும்பிவிடுகிறது. 2013இல் வெளியான ஆய்வு இது. சிதைந்த வீடு ராத்திரியில் தானாக எழுந்து நிற்குமா?

"தொல்காப்பியத்திலேயே 'சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்' என்று இருக்கிறதே, அங்கே சிதைதல் உருமாறுதல்தானே" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயம்தான். ஆனால் அது வடசொல் தமிழுக்கு வந்து உருமாறுவதைப் பற்றிய பேச்சு. இன்றைக்குச் சிதைந்தது என்று படிப்பவர் மனதில் வருவது இடிபாடு, அதாவது முடிந்துபோன ஒன்று.

சிதைவுப்பொருளோடாவது சண்டை போடலாம். மெட்டபொலைட்டுக்கு வளர்சிதைமாற்றப் பொருள் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. வளர்சிதைமாற்றம் நல்ல சொல். உயிருள்ள உடம்பு கட்டுவதும் பிரிப்பதுமாகச் செய்யும் வேலைக்கு அது கச்சிதம். நாம் விழுங்கிய மாத்திரை ஈரலில் மாறி சிறுநீரில் வந்தால் தாராளமாக அப்படிச் சொல்லுங்கள். தார்ச்சாலையில் கிடக்கும் டயர்த் தூளில் எது வளர்கிறது? இந்தக் குழப்பத்தில் ஐரோப்பியச் சட்டத்துக்கும் பங்கு உண்டு, அவர்களுடைய 2009ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் உடம்பில் உண்டானதையும் வெளியே மண்ணிலும் நீரிலும் உண்டானதையும் சேர்த்து மெட்டபொலைட் என்றே வரையறுக்கிறது. சட்டத்துக்கு அது வசதி, மொழிபெயர்ப்பவர் அதைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிக்க வேண்டியதில்லை. கூடவே, மாறுவதற்கு முன் இருந்த மூலப்பொருளுக்கு 'பெற்றோர் கலவை' என்று வேறு! கலவை என்றால் கலந்தது, மோரும் தண்ணீரும் மாதிரி. அது சேர்மம் ஐயா. தாய்ச்சேர்மம் என்று பள்ளிப் பிள்ளைகூட எழுதும்.

என் சொல் திரிபொருள். நன்னூல் படித்தவர்களுக்குத் தோன்றல், திரிதல், கெடுதல் தெரியும். கெட்டது இல்லாமல் போய்விடும், திரிந்தது வேறாகி நிற்கும். ஆற்றில் நடப்பது இரண்டாவது. இலக்கணம் வேண்டாமென்றால் அடுப்படிக்குப் போங்கள், பால் திரிந்துபோச்சு என்றால் பால் காணாமல் போனதாக யாரும் நினைப்பதில்லை, பாத்திரத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். வினைத்தொகையாக இருப்பதிலும் ஒரு லாபம்: திரிந்த, திரிகிற, திரியும் மூன்றும் அடங்கிவிடும், டிரென்போலோன் மாதிரி ஆட்களுக்குச் சரியாகப் பொருந்தும். ஊர் சுற்றித் திரிவதும் நினைவுக்கு வருகிறது என்று கேலி செய்தார்கள். வரட்டுமே, ஆற்றோடு சுற்றத்தானே செய்கிறது. கொரோனா சமயத்தில் வைரஸுக்குத் திரிபு என்ற சொல் செய்திகளில் புழங்கியபோது யாருக்கும் புரியாமல் போகவில்லை.

இது வெறும் சொல் சண்டை இல்லை. ஆய்வகக் கருவி மூலக்கூறுகளை எடை பார்த்துத்தான் அடையாளம் காண்கிறது. அட்ரசின் என்ற களைக்கொல்லி 216 என்ற இடத்தில் தெரியும். அதிலிருந்து எத்தில் தொகுதி என்ற சின்னத் துண்டு ஒன்று கழன்றால் 188க்கு நகர்ந்துவிடும். 216ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் குறைந்துவிட்டது, தண்ணீர் தேவலை என்று அறிக்கை எழுதுவார், 28 எண் தள்ளி அதே ஆசாமி வேறு சட்டையில் நின்றுகொண்டிருப்பார். சிதைந்துவிட்டது என்று படிக்கும் அதிகாரி 188ஐத் தேடச் சொல்ல மாட்டார்.

மெய்ப்பில் அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "ஆறுகளில் பூச்சிக்கொல்லிகளின் திரிபொருள்கள் இருப்பது தெரியவந்துள்ளது." திரும்பி வந்த படியில் 'திரிபொருள்' அடிக்கப்பட்டு, மேலே சிவப்பில் 'தெரி பொருள்?' என்று எழுதியிருந்தது.