பில் போட்டு 45 நாள் ஆகியும் பணம் வரவில்லையா?

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். நாலு மெஷின், ஆறு ஆள். ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். சரக்கு இறங்கிய அன்றே டெலிவரி சலானில் சீல் வாங்கியாயிற்று, பில்லும் போய்விட்டது. பணம் கேட்டால் "அடுத்த வாரம் பார்த்துக்கலாங்க". பி.ஓ.வின் (பர்ச்சேஸ் ஆர்டர்) அடியில் பொடி எழுத்தில் பேமென்ட் 90 நாள் என்று இருக்கிறது. நாம்தானே கையெழுத்துப் போட்டோம் என்று இவரும் வாயைத் திறப்பதில்லை.

அந்த 90 நாள் செல்லாது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் 15-வது பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான் என்றால் 15 நாள். சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெலிவரி நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதனால்தான் தேதியோடு சீல் வாங்கிய சலானைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன். ஆறு மாதம் கழித்து "பீஸ் சரியில்லை" என்று ஆரம்பிப்பவர்களுக்கு அந்தக் காகிதம்தான் பதில்.

கெடு தாண்டினால் வட்டி உண்டு, அதுவும் சாதா வட்டி இல்லை. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தை (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 16.5. மூன்று லட்ச ரூபாய் பில் கெடுவைத் தாண்டி ஆறு மாதம் நின்றால் வட்டி மட்டும் சுமார் 25,600 ரூபாய். சரக்கு வாங்கியவர் இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

இது எல்லோருக்கும் இல்லை. விற்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் குறு என்றால் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. சிறு என்றால் 25 கோடி, 100 கோடி வரை. நடுத்தர நிறுவனத்துக்கு இந்தக் கெடு பொருந்தாது. வாங்கி விற்கும் வியாபாரிக்கும் உத்யம் எண் (இந்த நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு எண்) தருகிறார்கள்தான், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்.

உத்யம் பதிவை முதலிலேயே செய்துவிடுங்கள். பதிவுக்கு முன்னால் போன சரக்குக்கு இந்தப் பலன் கிடையாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் இன்னொரு அமர்வு அதில் சந்தேகம் எழுப்பிப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த வழக்கை நம்பி ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? ஆதாரும் பானும் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசமாக முடிந்துவிடும். கூகுளில் தேடினால் காசு கேட்கும் தனியார் தளங்களும் சேர்ந்தே வரும், பார்த்துப் போங்கள்.

சரி, பணம் வரவே இல்லை. இப்படி நிற்கும் பாக்கிகளை விசாரிக்க இதே சட்டத்தின் கீழ் மாநில அரசு அமைத்த வசதியாக்கல் மன்றத்துக்குப் போகலாம், நம் ஊர் வழக்கில் 'கவுன்சில்'. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என நாலு இடத்தில் இருக்கிறது. மனு இணையத்தில், தெரியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். வாங்கியவர் டெல்லியில் இருந்தாலும் நாம் அங்கே ஓட வேண்டியதில்லை, விற்பவர் இருக்கும் ஊரின் கவுன்சிலே விசாரிக்கலாம். முதலில் சமரசம் பேசுவார்கள், படியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். கவுன்சில் 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கவுன்சிலுக்குப் போனால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய ஆயுதம் வருமான வரி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஒரு விதி, ஆடிட்டர்கள் '43பி(எச்)' என்பார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம் கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், வாங்கிய கம்பெனி அந்த வருடம் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. மூன்று லட்சமும் லாபத்தில் ஏறும். 22 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் சுமார் 75,500 ரூபாய் கூடுதல் வரி. பிற்பாடு பணம் கொடுத்த வருடத்தில் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவரை பணம் முடங்குமே! ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன் கொடுத்துவிட்டால் போதும் என்ற பழைய சலுகையும் இதற்கு இல்லை. (மார்ச் 20-ல் போன சரக்குக்கு மார்ச் 31-ல் கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுத்துவிட்டால் இது வராது.) விதி வந்த புதிதில் உத்யம் பதிவை ரத்து செய்யச் சொல்லி சில கம்பெனிகள் வற்புறுத்துவதாகப் புகார் எழுந்தது. அப்படிக் கேட்டால் சம்மதிக்காதீர்கள்.

ஆகவே பிப்ரவரி கடைசியில் ஒரு கடிதம் எழுதுங்கள். பில் எண், ஏற்றுக்கொண்ட தேதி, கெடு முடிந்த நாள், இன்றுவரை வட்டி என்று நாலு வரி. பர்ச்சேஸ் ஆளுக்கு மட்டும் அனுப்பாமல் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் ஒரு நகல். பர்ச்சேஸ்காரருக்கு நம் பில் நூற்றில் ஒன்று, அக்கவுண்ட்ஸ்காரருக்கு அது ஆடிட்டர் கேட்கப்போகும் கேள்வி. பில் புத்தகம் அடுத்து அச்சடிக்கும்போது கீழே இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்: "நாங்கள் குறு நிறுவனம். உத்யம் எண் ______. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் செலுத்த வேண்டும்."