ஒளியிழையில் ஒரு கிளை மடை

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1925ஆம் ஆண்டு அங்கே மறைந்த சிவா, 1913இல் 'ஞானபாநு' என்ற மாத இதழைத் தொடங்கியவர். அதில் எழுதியவர்களுள் பாரதியும் ஒருவர். பாரதி அப்போது புதுச்சேரியில், பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட மண்ணில் வாழ்ந்துகொண்டிருந்தார். பிரிட்டனும் பிரான்சும் 1904ஆம் ஆண்டே உடன்பாடு செய்துகொண்ட நட்பு நாடுகள். இருந்தும் பாரதியின் வீட்டுக்கு யார் வருகிறார்கள், அவருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்பதை பிரிட்டிஷ் ஒற்றர்கள் இடைவிடாமல் கண்காணித்தார்கள். அன்று தெருமுனையில் ஆள் நின்ற வேலையை இன்று கண்ணாடி இழையும் கணினியும் செய்கின்றன. அவை எவ்வாறு செய்கின்றன என்று தெரிந்தால்தான், பத்திரிகைச் சுதந்திரம் என்பதில் நாம் எதைக் காக்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் வெளிநாட்டு இணையதளத்தைத் திறக்கும்போது, அவரது கோரிக்கை ஒளித்துடிப்பாக மாறி, தரைக்கடியில் புதைத்த, ஓ.எஃப்.சி. எனப்படும் கண்ணாடி இழைக் கேபிள் வழியாகச் சென்னை, மும்பை போன்ற கடற்கரை நகரம் ஒன்றை அடைந்து, அங்கிருந்து கடலடிக் கேபிளில் ஏறுகிறது. இழையின் மொத்த விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் உள்மையம் அதைவிட மிக மெல்லியது. அதற்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில், சுவரில் பட்டு உள்ளேயே திரும்பித் திரும்பி ஓடுகிறது. இந்த ஓட்டத்திலிருந்து ஒரு பங்கைப் பிரித்தெடுக்க ஒளிப்பிரிப்பான் என்ற சிறு கருவி போதும். உள்ளே வரும் ஒளியை அது இரண்டாக்கி, பெரும்பங்கைப் பழைய வழியிலும் சிறுபங்கைப் புது வழியிலும் அனுப்பும்.

ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது வாய்க்காலில் மடை திறப்பதைப் போலத் தோன்றும். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மேல்மடைக்காரர் தண்ணீரைத் திருப்பினால் கடைமடை காய்ந்துபோகும். மறுநாள் காலை பஞ்சாயத்து கூடிவிடும். ஒளியில் அப்படி எதுவும் நிகழாது. நெடுந்தொலைவுக்குப் பயன்படும் அலைநீளத்தில், இழை தன் இயல்பாலேயே ஒவ்வொரு 15 கிலோமீட்டருக்கும் ஒளியில் பாதியை இழக்கிறது. அதை ஈடுகட்டத்தான் வழியெங்கும் பெருக்கிகள் வைக்கப்படுகின்றன. பத்தில் ஒரு பங்கு ஒளியை ஒருவர் பிரித்தெடுத்தால், அந்த இழப்பு கேபிளை இரண்டேகால் கிலோமீட்டர் நீட்டியதற்குச் சமம். அடுத்த பெருக்கி அதைச் சரிசெய்துவிடும். மேலும், தண்ணீரைப் போலன்றி, பிரிந்துபோன சிறுபங்கிலும் முழுச் செய்தியும் இருக்கும். அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் எந்த வேறுபாடும் தெரியாது.

பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு அமைப்பான ஜி.சி.எச்.கியூ., அட்லாண்டிக் கடலடிக் கேபிள்களிலிருந்து இவ்வாறு தரவைச் சேகரித்து, உள்ளடக்கத்தை 3 நாட்களும் தொடர்பு விவரங்களை 30 நாட்களும் வைத்திருந்து, அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு அமைப்பான என்.எஸ்.ஏ.வுடன் பகிர்ந்துகொண்டதை 2013 ஜூனில், என்.எஸ்.ஏ.வின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் எட்வர்ட் ஸ்னோடென் தந்த ஆவணங்களின் வழியே 'கார்டியன்' நாளிதழ் வெளியிட்டது. உள்ளடக்கத்துக்கு 3 நாள், விவரங்களுக்கு 30 நாள் என்ற இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும். விவரங்கள் குறைந்த இடத்தில் அடங்கிவிடும் என்பது ஒரு காரணம். அவற்றுக்குத் தனி மதிப்பு இருக்கிறது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

நம் பக்கத்துத் திருமணங்களில் வைக்கும் மொய் நோட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பெயரும் ஊரும் தொகையும் தவிர வேறெதுவும் இராது. ஆனால் ஒரு குடும்பத்தின் பத்து மொய் நோட்டுகளை வரிசையாக வைத்துப் படிப்பவருக்கு யார் பங்காளி, யார் சம்பந்தி, எந்த ஆண்டில் எந்த உறவு முறிந்தது, எது மீண்டும் ஒட்டியது என்பதெல்லாம் ஒரு சொல்லும் கேட்காமலேயே விளங்கிவிடும். மெட்டாடேட்டா எனப்படுவது இத்தகையதே. யார் யாரை அழைத்தார், எப்போது, எவ்வளவு நேரம், எந்தக் கைப்பேசிக் கோபுரத்தின் கீழ் என்ற இந்த விவரங்களைத்தான் காவல்துறையினரும் வழக்கறிஞர்களும் சி.டி.ஆர்., அதாவது அழைப்பு விவரப் பதிவு, என்கிறார்கள்.

பர்கூர் அருகே ஒரு கல்குவாரியில் நடக்கும் முறைகேட்டை ஒரு தாலுகா நிருபர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தகவல் தந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். அவர்கள் பேசியதை யாரும் கேட்க வேண்டியதில்லை. செய்தி வெளிவருவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நிருபரின் எண்ணோடு தொடர்பு கொண்ட எண்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் குவாரிப் பக்கத்துக் கோபுரத்தில் நாள்தோறும் பதிவாகும் எண் எது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சும். கண்காணிப்பின் முழுச் சுமையும் நிருபரை விட்டுவிட்டு அந்த ஓட்டுநரின் தலையில் விழுகிறது. ஒருவர் இப்படி அகப்பட்டதைக் கண்ட மற்ற ஓட்டுநர்கள் பேச மாட்டார்கள். பிறகு அந்தச் செய்திகள் பிறக்கவே பிறக்காது. அமெரிக்க நீதித்துறை 'அசோசியேட்டட் பிரஸ்' செய்தி நிறுவனத்தின் இருபதுக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகளின் இரண்டு மாத அழைப்பு விவரங்களை இரகசியமாகப் பெற்றிருந்தது 2013 மே மாதம் வெளிப்பட்டபோது, அங்கே எடுக்கப்பட்டதும் பேச்சு அன்று, எண்களின் பட்டியல்தான்.

இத்தகைய தேடல் ஒருவரோடு நிற்பதில்லை. ஒருவரது தொடர்பில் 40 பேர் என்று கொண்டால், இரண்டாம் படியில் 1,600 பேரும், மூன்றாம் படியில் 64,000 பேரும் வலைக்குள் வந்துவிடுகிறார்கள். என்.எஸ்.ஏ. மூன்று படிகள் வரை சென்றுகொண்டிருந்தது. 2014இல்தான் அது இரண்டாகக் குறைக்கப்பட்டது.

இனி நட்பு நாடுகளின் கதைக்கு வருவோம். பெரும்பாலான மக்களாட்சி நாடுகளின் சட்டம், தன் குடிமக்களை ஒட்டுக்கேட்பதற்குக் கடும் நிபந்தனைகள் விதிக்கிறது. அயலாருக்கு அந்தக் காப்பைத் தருவதில்லை. ஜெர்மானியர் அமெரிக்க உளவுத்துறைக்கு அயலார். அமெரிக்கர் ஜெர்மன் உளவுத்துறைக்கு அயலார். இருவரும் தாம் எடுத்ததைப் பகிர்ந்துகொண்டால் இரு நாட்டுச் சட்டங்களுக்கும் நடுவே ஒரு சந்து திறந்துவிடுகிறது.

இந்தச் சந்து அகலமாவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இணையத்தில் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. அவை வரைபடத்தில் குறுகிய வழியைப் பார்ப்பதில்லை, நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தமான வழியைப் பார்க்கின்றன. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அனுப்பும் ஒரு மின்னஞ்சல் சிங்கப்பூரில் உள்ள ஒரு கணினியைத் தொட்டு வரலாம். அந்தப் பொட்டலத்தின் மேல் புறப்பட்ட முகவரியும் சேரும் முகவரியும் இருக்கும். எந்த நாட்டுக் குடிமகனுடையது என்பது இராது.

ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத்துறையான பி.என்.டி., 2004 முதல் 2008 வரை பிராங்க்பர்ட்டில் என்.எஸ்.ஏ.வுடன் இணைந்து கேபிள் தரவை எடுத்தபோது, ஜெர்மானியரின் தரவை வடிகட்டிக் கழிக்க முயன்றது. நாட்டுக் குறியீட்டு எண்ணையும் ஜெர்மன் இணைய முகவரிகளையும் கொண்டு கழிப்பது எளிது; அமெரிக்க மின்னஞ்சல் சேவையில் ஆங்கிலத்தில் எழுதும் ஒரு ஜெர்மானியரை எந்த வடிகட்டியும் முழுமையாக அடையாளம் காணாது. வடிகட்டி ஒருபோதும் நூற்றுக்கு நூறு வேலை செய்யவில்லை.

வடிகட்டிய பின் நடப்பது கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை நினைவூட்டும். எல்லா வண்டிகளும் கடந்து போகும். பட்டியலில் உள்ள பதிவெண் வந்தால் மட்டும் மணி அடிக்கும். அந்தப் பட்டியலில் தொலைபேசி எண்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இருக்கும். என்.எஸ்.ஏ. தந்த பட்டியலை பி.என்.டி. தன் கணினிகளில் ஏற்றியது. அதில் ஐரோப்பிய நட்பு நாடுகளின் இலக்குகளும் இருந்தது 2015இல் அம்பலமானது. நண்பர்களை வேவு பார்ப்பது கூடவே கூடாது என்று 2013இல், தம் கைப்பேசியை என்.எஸ்.ஏ. ஒட்டுக்கேட்டதாகச் செய்தி வந்தபோது சொன்னவர் அன்றைய ஜெர்மன் பிரதமர் அங்கெலா மெர்க்கல். ஆனால் அவரது நாட்டு பி.என்.டி.யே 1999 முதல் பி.பி.சி., ராய்ட்டர்ஸ், 'நியூயார்க் டைம்ஸ்' உள்ளிட்ட நிறுவனங்களைச் சேர்ந்த செய்தியாளர்களின் குறைந்தது 50 எண்களையும் முகவரிகளையும் தன் பட்டியலில் வைத்திருந்ததாக 2017இல் ஜெர்மன் வார இதழான 'டெர் ஷ்பீகல்' வெளியிட்டது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான். தன் நாட்டில் ஒரு செய்தியாளரைத் தொடத் தயங்கும் அரசு, நண்பன் நாட்டுச் செய்தியாளரைத் தொடத் தயங்கவில்லை.

இதை எதிர்த்துச் செய்தியாளர்களும் 'எல்லைகளற்ற நிருபர்கள்' அமைப்பும் தொடுத்த வழக்கில், 2020 மே 19 அன்று ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம், தொலைத்தொடர்பு இரகசியமும் பத்திரிகைச் சுதந்திரமும் வெளிநாட்டில் வாழும் அயலாருக்கும் உரியவை என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மே 25 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பிரிட்டனின் ஏற்பாட்டில் செய்தியாளரின் இரகசியத்துக்குப் போதிய காப்பு இல்லை என்றது. நம் உச்ச நீதிமன்றமும் 2021 அக்டோபர் 27 அன்று, கைப்பேசிக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய வழக்கில், தகவல் தருபவரைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்று என்று குறிப்பிட்டது. ஆனால் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் ஒட்டுக்கேட்பிலிருந்து விலக்கிவைத்தது அரசு அங்கீகாரம் பெற்ற நிருபரின் செய்தியை மட்டுமே. அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ இருந்து எழுதும் நிருபர்களில் பலருக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. அவர்களுக்குத் தகவல் சொல்பவருக்கோ எந்த ஏட்டிலும் இடமில்லை.

மறையாக்கம், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷன், உதவாதா என்று கேட்கலாம். உதவும், ஒரு பாதிக்கு. இரு முனைகளிலும் மட்டும் திறக்கும்படி பூட்டிய செய்தியை நடுவில் எடுப்பவரால் படிக்க முடியாது. ஆனால் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது கடத்தும் நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லையேல் அது போய்ச் சேராது. 'டோர்' வலையமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. செய்தியை மூன்று உறைகளுக்குள் வைத்து மூன்று கணினிகள் வழியே அனுப்புகிறது. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதையும் பிந்தையதையும் மட்டுமே அறியும். எனினும் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியவர், பொட்டலங்கள் புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டு இருவரையும் இணைத்துவிடலாம். பல நாடுகளின் கேபிள்களைக் கூட்டாகப் பார்க்கும் நட்புக் குழுவுக்குத்தான் அது எளிது.

கைப்பேசியை அணைத்துவிட்டுச் சந்திப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஒரே மாலையில், அருகருகே, இரு எண்கள் ஒன்றாக மௌனமாகி ஒன்றாக விழித்தால் அந்த மௌனமே ஒரு பதிவு. ஆகவே நம் நிருபரும் ஓட்டுநரும் செய்யத்தக்கது, கைப்பேசிகளை வழக்கம்போல வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, தனித்தனிப் பேருந்துகளில் வந்து, பெயர் தெரியாத ஒரு டீக்கடை பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது.