எடை குறைக்கப் போனவர் பையிலிருந்த மிட்டாயைத் தொடப் பயந்தார்

வயது 52. நீரிழிவுக்காகத் தினமும் காலையில் ரத்தச் சர்க்கரையை இறக்கும் கிளிபிசைட் மாத்திரை. எடை குறைப்புக் குழுவின் பயிற்சியாளர் காலை உணவை நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டார். மாத்திரையை என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, பயிற்சியாளரும் விசாரிக்கவில்லை. நான்காம் நாள், 45 நிமிடப் பயிற்சி முடிந்து சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் மேடையில் நின்றபோது கை நடுங்கியது, உடம்பு வேர்த்துக் கொட்டியது, பார்வை மங்கியது. விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 3.1 mmol/L, மிகக் குறைவு. கைப்பையில் மிட்டாய் இருந்தது. அவர் சாப்பிடவில்லை. “இனிப்பு சாப்பிட்டா குரூப்ல சொல்லணும். எல்லார் முன்னாடியும் திட்டுவாரு” என்றார்.

ஒருமுறை நடந்தது என்றால் விட்டுவிடலாம். ஆனால் உணவியல் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இந்தப் பயத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். மாத்திரையின் பெயர் மாறும், குழுவின் பெயர் மாறும், பயம் மட்டும் அதேதான்.

இதில் வேதனை என்னவென்றால், திட்டு வாங்குகிறவர்களே திட்டுக்கு வக்காலத்து வாங்குவார்கள். “எனக்கெல்லாம் கண்டிப்பான ஆள்தான் சரி மேடம், தேசிய சேவையில சார்ஜெண்ட் கத்தித்தான் 15 கிலோ குறைஞ்சேன்” என்பார்கள். இந்த வாதத்தைக் கேட்காத வாரமே இல்லை. அதனால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

தேசிய சேவை என்பது கட்டாய ராணுவப் பயிற்சி. அந்த முகாமில் நீங்கள் என்ன சாப்பிட வேண்டும் என்பதை முடிவு செய்தவர் யார்? சமையற்கூடம். எத்தனை மணிக்குத் தூங்குவது, எத்தனை மணிக்கு எழுவது? அட்டவணை. இரவு 11 மணிக்குப் பசித்தால் கீழே இறங்கிப் பரோட்டா வாங்க முடிந்ததா? முடியாது. நாள் முழுக்க நடை, ஓட்டம், மூட்டை சுமத்தல். 24 மணி நேரமும் இன்னொருவர் ஒழுங்குபடுத்திக் கொடுத்த வாழ்க்கை அது. எடையைக் குறைத்தது அந்த ஏற்பாடு. கத்தல் அதோடு சேர்ந்து காதில் விழுந்தது, அவ்வளவுதான். அதே முகாமில் ஒரு வார்த்தை அதட்டாத சார்ஜெண்ட் இருந்திருந்தாலும் எடை இறங்கியிருக்கும். ஓஆர்டி ஆனதும், அதாவது சேவைக்காலம் முடிந்ததும், ஏற்பாடு போய்விட்டது, எடை திரும்பி வந்தது, காதில் அந்தக் குரல் மட்டும் மிச்சம். உடனே “எனக்குக் கட்டுப்பாடு இல்லை” என்று தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். பயிற்சியாளர் உங்களோடு இருப்பது 3 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மீதி 165 மணி நேரமும் உங்கள் வீட்டில், வேலையிடத்தில், கோப்பிக்கடையில்தான். அந்த 165-க்கு உதவாத பயிற்சி எதற்கு?

வெட்கப்படுத்தி எடை குறைப்பதைச் சிங்கப்பூர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் ‘ட்ரிம் அண்ட் ஃபிட்’ திட்டம் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்யவைத்தார்கள், பல பள்ளிகளில் இடைவேளை நேரத்திலேயே. திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளான TAF-ஐத் திருப்பிப் படித்தால் ‘ஃபேட்’ (FAT, குண்டு) என்று வரும். கேலி செய்யப் பிள்ளைகளுக்கு அது போதாதா? எடை கூடிய மாணவர்களின் விழுக்காடு குறைந்தது உண்மைதான். ஆனாலும் திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை வந்தது. அன்று அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இன்று முப்பதும் நாற்பதும் வயது. எடை இயந்திரத்தைக் கண்டாலே அவர்கள் தோள் ஒடுங்குகிறது. அவர்களிடம் போய் மறுபடியும் குரலை உயர்த்தினால் என்ன ஆகும்?

மறைப்பார்கள். இதுதான் ஆகும். உணவுக் குறிப்பேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்: ‘ஞாயிறு: இட்லி 3, சாம்பார், தே கொசோங் (சர்க்கரையில்லாத தேநீர்). திங்கள்: வழக்கம்போல். செவ்வாய்: ’ — செவ்வாய்க்கு எதிரே ஒன்றுமில்லை. புதனும் காலி. வியாழன் ‘சாலட்’. எங்களுக்கு வேண்டியது அந்தக் காலிக் கட்டங்கள்தான். செவ்வாய்க்கிழமை அண்ணன் மகள் பிறந்தநாளா, இரவு ஷிஃப்டா, வீட்டில் சண்டையா? சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் அது. திட்டும் பயிற்சியாளர் கண்ணுக்கு இது வரவே வராது. எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்த்து, “1,200 கலோரிதான் சாப்பிடறீங்க, அப்பவும் குறையலையா, 1,000 ஆக்குங்க” என்பார். பொய்க் கணக்கின்மேல் போட்ட திட்டம். பசி கூடும், வெள்ளிக்கிழமை இரவு அணை உடையும், மறுபடி காலிக் கட்டம்.

திங்கட்கிழமை காலையில் எடை இயந்திரத்தைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போடச் சொல்வது இன்னொரு கொடுமை. ஞாயிறு மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் ஒன்றரை கிலோ இறங்கும். உடம்பில் சேமித்த 1 கிராம் கிளைகோஜன் (மாவுச்சத்தின் சேமிப்பு வடிவம்), சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இறங்கியது அந்தத் தண்ணீர். வியாழக்கிழமைக்குள் திரும்பிவிடும். குழுவில் கைதட்டல் வாங்கியது அந்தத் தண்ணீருக்குத்தான்.

மோதினால் மனிதர் எதிர்ப்பக்கம் சாய்வார் என்பது ஆலோசனைத் துறையில் புதிய செய்தி அல்ல. 1993-இல் வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு மோதிப் பேசினாரோ, ஓராண்டு கழித்து ஆலோசனை பெற்றவர் அவ்வளவுக்கு அதிகமாகக் குடித்தார். அது மது, சாப்பாடு அல்ல, ஒப்புக்கொள்கிறேன். எடைக்கே வருவோம். இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களை 4 ஆண்டுகள் தொடர்ந்து, 2014-இல் வெளியான ஆய்வு இருக்கிறது. எடைக்காகத் தாழ்வாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1 கிலோ கூடியது. மற்றவர்களுக்குச் சுமார் 0.7 கிலோ குறைந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, தட்டிக்கொடுப்பவர் எல்லாம் நல்லவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். “பரவாயில்லக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று நான்கு மாதம் சொல்லிக்கொண்டே இருப்பவர் ஆதரவு தரவில்லை. உங்களைக் கைவிட்டுவிட்டார், சிரித்த முகத்தோடு. ரத்தச் சர்க்கரையும் இடுப்பளவும் ஏறிக்கொண்டிருக்கும்போது வாய் திறக்காத அன்பால் யாருக்குப் பயன்? ஆதரவாகப் பேசுவதற்கும் அளந்து பார்ப்பதற்கும் பகை கிடையாது. கண்டிப்பு திட்டத்தின்மேலும் எண்களின்மேலும் இருக்கட்டும், ஆளின்மேல் வேண்டாம்.

நல்ல பயிற்சியாளரிடம் முதல் சந்திப்பு இப்படிப் போகும். முதலில் மருந்துப் பட்டியலைக் கேட்பார். பிறகு இலக்கு: 80 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோ, அதாவது 5 விழுக்காடு, வாரம் அரை கிலோ என்பது போதுமான வேகம். அடுத்து, எதை மாற்றலாம் என்று உங்களிடமே கேட்பார். நாளுக்கு மூன்று தே குடிக்கிறவர் “ரெண்டை தே ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஆக்கறேன்” என்று தானே சொல்வது, “பாலை நிறுத்து” என்று அவர் உத்தரவு போடுவதைவிடப் பல மடங்கு நிலைக்கும். முடிவாக ஒரு கேள்வி: “இதை அடுத்த வாரம் செய்துவிடுவேன் என்று 10-க்கு எத்தனை நம்பிக்கை?” பதில் 7-க்குக் கீழே என்றால், சுருக்க வேண்டியது திட்டத்தை. குடிக்கிற மூன்று தேயில் ஒன்றை மட்டும் மாற்றட்டும். “5 என்கிறீர்களே, ஏன் 2 இல்லை?” என்றும் கேட்பார். அதற்குச் சொல்லும் பதிலில்தான் உங்கள் பலம் வெளியே வரும்.

அடுத்த சந்திப்பில் “ஏன் செய்யல?” என்று கேட்டால் சாக்கு வரும். “செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?” என்று கேட்டால் செய்தி வரும். இந்த ஒரு வாக்கியத்தை மாற்றிக்கொள்ளும்படி பயிற்சியாளர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எடையைத் தினமும் பார்த்தாலும், காலையில் கழிவறைக்குப் போய்விட்டு, சாப்பிடுவதற்கு முன்பு, ஒரே இயந்திரத்தில் பாருங்கள். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று, நான்கு வாரம் சராசரி அசையவில்லை என்றால் நல்ல பயிற்சியாளர் அதை ஒளிக்காமல் உங்களிடம் சொல்வார், உங்களோடு உட்கார்ந்து திட்டத்தைத் திருத்துவார்.

மற்ற எச்சரிக்கைகள். கிளிபிசைட், கிளிக்லசைட், இன்சுலின் இவற்றில் எதையாவது எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளைகூடச் சாப்பாட்டை விடக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்கள் சோறு, ரொட்டியை முழுவதுமாக நிறுத்தும் கீட்டோ முறையில் தாங்களாக இறங்கக் கூடாது. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் நேரே அவசரப் பிரிவு. பல மாதம் உடம்பை அசைக்காதவர் முதல் நாளே ‘விட்டுடாதே, மிதி மிதி’ என்ற சத்தத்துக்கு ஸ்பின் சைக்கிளை மிதித்து, ஓரிரு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) நிறத்தில் போனால், அது தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி. அதற்கும் அவசரப் பிரிவுதான், ‘வலி போனா சரியாயிடும்’ என்று வீட்டில் இருக்காதீர்கள். பயிற்சியாளரே எடை குறைக்கும் காப்பித்தூள், பொட்டலம் என்று விற்றால் வாங்காதீர்கள். பசியை அடக்கும் மருந்தான சிபுட்ரமைன் கலந்த மெலிவுப் பொருள்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இலேயே இங்கு விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது.

40 வயதைத் தாண்டியவர்கள் குடும்ப மருத்துவரோடு இணைக்கும் ‘மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி’ அரசுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், எந்தக் குழுவில் சேருவதற்கு முன்பும் உங்கள் குடும்ப மருத்துவரிடம் அந்தக் குழுவின் உணவுத் திட்டத்தைக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

கடைசியாக, அந்த மிட்டாய். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து சர்க்கரை 4-க்குக் கீழே இருந்தால், அல்லது அளந்து பார்க்க வழியில்லை என்றால், உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும்: 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, அல்லது இனிப்புப் பானம் அரைக் கோப்பை. சர்க்கரையில்லாத ‘ஸீரோ’ பானம் உதவாது. கையில் மிட்டாய்தான் இருக்கிறது என்றால் மூன்று, நான்கைக் கடித்துச் சாப்பிடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். இன்னும் 4-க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. சர்க்கரை ஏறியதும் ஒழுங்காக ஒரு வேளைச் சாப்பாடு. குழுவுக்கு எழுதுவது அதற்கப்புறம்.