முதல் சிலந்தியே புலிமுகச் சிலந்தியா?

ஆடு, மாடு, நாய் பார்க்கிற மிருக வைத்தியரிடம் இப்போது சிலந்தி பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பாலும் கனடா, இலண்டனிலிருந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் பிள்ளைகள். அம்மம்மா வீட்டு ஓட்டுக்கூரையில் புலிமுகச் சிலந்தியைக் கண்டதும், "டொக்டர், அங்க போய் இதில ஒண்டு வாங்கி வளர்க்கப் போறன்" என்பார்கள்.

கடைசியாக வாங்க வேண்டியதை முதலில் கேட்கிறார்கள். இது டரன்டுலா எனப்படும் மயிரடர்ந்த பெரிய சிலந்திகளில் பொயிசிலோதீரியா பேரினம். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. மாங்குளத்திலிருந்தும் ஓர் இனம் விவரிக்கப்பட்டிருக்கிறது. மரப்பொந்துவாசி, மின்னல் வேகம். அமெரிக்கக் கண்டத்து டரன்டுலாக்கள் பலவும் மிரண்டால் முதலில் வயிற்றிலுள்ள அரிக்கும் மயிரை எதிரிமேல் உதிர்த்துவிடும். இதற்கு அந்த மயிரே கிடையாது. ஓடும், இல்லாவிட்டால் கடிக்கும். கடித்தால் நாட்கணக்கில் தசைப்பிடிப்பு இருக்கலாம்.

தொடங்குபவருக்கு மெக்சிகோவின் செம்முழங்கால் டரன்டுலாவோ, மத்திய அமெரிக்காவின் சுருள்மயிர் டரன்டுலாவோ போதும். நிதானமான தரைவாசிகள். பெண் என்றால் 20 வருடத்துக்கு மேலும் வாழும். வாங்குமுன் அதை யோசியுங்கள். பெட்டியில் உயரம் வேண்டாம், ஆழமான மண் வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடலாம்.

அடுத்த இனத்துக்குப் போக எத்தனை வருடம் என்று கேட்பார்கள். நான் வருடத்தைப் பார்ப்பதில்லை. மல்லாந்து கிடக்கும் சிலந்தி செத்துவிடவில்லை, தோலுரிக்கிறது என்று தெரிந்து, உள்ளே கிடக்கும் வெட்டுக்கிளியை எடுத்துவிட்டுக் கைவைக்காமல் இருந்தீர்களா? சாப்பிடாத வாரங்களில் பதறாமல் இருந்தீர்களா? கையால் தொடாமல், கோப்பையால் மூடி வேறு பெட்டிக்கு மாற்றப் பழகினீர்களா? இவை வந்தால் சால்மோபியஸ் போன்ற வேகமான மரவாசியைப் பார்க்கலாம். அதற்கும் அரிக்கும் மயிர் இல்லை. புலிமுகத்துக்கு முன் நல்ல பயிற்சி.

நாய்க்குத் தெள்ளுமருந்து பூசிய கையோடு சிலந்திப் பெட்டியைத் தொடாதீர்கள். பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும். இதை விற்பவர்கள் சொல்வதேயில்லை.

இங்கிருந்து பிடித்து, போத்தலில் போட்டுக் கொண்டுபோகும் எண்ணம் அறவே வேண்டாம். 2019இல் புலிமுகச் சிலந்திப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பட்டியலில் சேர்க்கப்பட்டது; அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாடு தாண்டினால் அது கடத்தல். படுக்கையறைக்குள் வந்தால் வாயகன்ற போத்தலால் மூடி, அடியில் மட்டையைச் செருகி, வளவின் கோடியிலுள்ள மரத்தடியில் விடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.